பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

1869ஆம் ஆண்டு இலங்கை மலையகத்துக்குச் சனி பிடித்தது. கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சை வந்து உட்கார்ந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் டிக்கோயாவின் கோப்பித் துரைமார் பலர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேயிலைக்கு மாறினார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஒஹாயோவில் வில்லியம் செம்பிள் என்ற பல் டொக்டர் சுயிங்கத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ரப்பரோடு சோக்குத் தூளோ கரித்தூளோ சேர்த்து மென்றால் பல் சுத்தமாகும் என்பது அவர் கணக்கு. அடுப்புக் கரியால் பல் விளக்குவதற்கு அரசாங்க முத்திரையா என்று நம் அப்பாயி கேட்டிருப்பார். நல்லவேளை, அவருக்குத் தபால் வரவில்லை. செம்பிளுக்கு வியாபாரம் வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வந்தது. அவர்கள் சீனியைக் கொட்டினார்கள். பல்லைக் காக்க எண்ணிப் பிறந்த பண்டம் பல்லைத் தின்ன ஆரம்பித்தது. கொட்டிய சீனியை மறுபடி வெளியே எடுத்து, ‘பல்லுக்கு நல்லது’ என்று விற்க இன்னொரு நூறு வருடம் ஆனது.

மலையகத் தோட்டத்து ஆட்களான எங்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கங்காணி இந்தியாவிலிருந்து கூட்டிவந்தபோது தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும் என்றார். பல்குச்சியைப் பற்றி வாயே திறக்கவில்லை. பல்லுக்கு உறுதியென்று ஊரில் பேர் வாங்கிய ஆலும் வேலும் இந்தக் குளிரில் ஏது? வந்து சேர்ந்தது சுருக்குப்பை ஒன்றுதான்: வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் பொயிலை. சீனி ஒரு துளி கிடையாது. குளிருக்கும் பசிக்கும் அதுவே மருந்து. காலில் ஏறிய அட்டை மேல் துப்பினால் அதுவும் கழன்று விழும். எந்தச் சுயிங்கம் இதைச் செய்யும்?

சரி, எங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்த நோர்வேக்காரர் ஒருவரின் கதைக்கு வருவோம்.

ஹரால்ட் லோ என்ற பேராசிரியர் 1965இல் டென்மார்க்கில் ஒரு வேலை செய்தார். பல் மருத்துவ மாணவர்களும் கல்லூரி ஆட்களுமாகப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, “பல் விளக்காதீர்கள்” என்றார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கச் சொன்னார், வீக்கம் போனது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் ஈறு நோய்க்குக் காரணம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் மூன்று வாரம் பத்தாதே. வாழ்நாள் முழுக்க விளக்காவிட்டால் என்ன ஆகும்? படித்த வெள்ளைக்காரனை அத்தனை காலம் நாற்ற வாயோடு உட்கார வைக்க முடியுமா?

டிக்கோயாவிலிருந்து தலவாக்கலை வழியாகப் போனால் பூண்டுலோயா. அங்கே டன்சினன் தோட்டம். ஷேக்ஸ்பியரின் மக்பெத் குடியிருந்த மலையின் பெயரை ஏதோ ஒரு ஸ்கொட்லாந்துத் துரை ஆசையாய் வைத்துவிட்டார். காடு எழுந்து டன்சினனுக்கு நடந்து வந்தால்தான் மக்பெத் தோற்பான் என்பது நாடகம். பூண்டுலோயாவில் நிற்கிற காட்டையே வெட்டித் தேயிலை நட்டாகிவிட்டது. நடந்து வந்தவர் லோ. 1969இல் ஒஸ்லோவில் 565 படித்த ஆண்களின் வாயைப் பார்த்த கையோடு, 1970இல் டன்சினனிலும் பக்கத்து ஹெரோ தோட்டத்திலும் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பார்த்தார். பெண்களைப் பார்க்கவில்லை. கொழுந்து எடுப்பவளின் பல்லுக்கு அறிவியலின் பெரட்டில் அன்று பேர் இல்லை.

“ஆ காட்டு” என்றதும் எங்கள் ஆட்கள் காட்டியிருப்பார்கள். தொரை வாயைத் திற என்றால் திறப்பதும் மூடு என்றால் மூடுவதும் நூறு வருடப் பழக்கம். எழுபதில் தொடங்கி எண்பத்தைந்து வரை ஆறு தடவை வந்து, ஈறு பல்லை விட்டு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளந்தார்கள். தடுப்போ வைத்தியமோ அண்டாத வாய் என்பதுதான் எங்கள் தகுதி. பல் விளக்கும் பழக்கமே இங்கே தெரியாது என்று கட்டுரையில் எழுதினார்கள். உள்ளூர் அளவுக்கு நல்ல உடற்கட்டு, போசாக்கும் பரவாயில்லை என்றும் எழுதினார்கள். அந்த ‘உள்ளூர் அளவு’ 1973, 74இல் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்ததையும் சேர்த்த அளவு.

1986இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே எங்கள் ஆட்கள் ‘இலங்கைத் தொழிலாளர்கள்’. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். அந்தக் கணக்கைப் பாராளுமன்றம் ஒருவழியாக முடித்தது 2003இல். பல் வைத்தியச் சஞ்சிகை பதினேழு வருடம் முந்திக்கொண்டு பிரஜாவுரிமை கொடுத்துவிட்டது!

பதினைந்து வருட முடிவில் முதல் தடவை பார்த்தவர்களில் 161 பேர்தான் மிச்சம். இடைப்பட்ட வருடங்களில்தான் இந்தியாவுக்குத் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரமும் அதற்குள்தான் வந்துபோனது. மிஞ்சியவர்களில் 8 சதவீதத்தினருக்கு நாற்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. 81 சதவீதத்தினருக்குச் சுமாரான சேதம். மீதி 11 சதவீதத்தினருக்கு, காரை அப்பிய அதே வாயிலும் ஈறு சிவந்ததோடு சரி.

இதில் வேடிக்கை, கிட்டத்தட்ட யாருக்கும் சொத்தைப் பல் இல்லை. விழுந்த பல்லெல்லாம் அநேகமாக ஈறு கைவிட்டதால் விழுந்தவை. அதே காலத்தில், 1972 முதல் 74 வரை, பின்லாந்தின் துர்க்கு நகரில் 125 பேரை வைத்துச் சைலிடோல் என்ற இனிப்பைச் சோதித்தார்கள். நாக்குக்கு அது சீனி. பல் கிருமிக்கு அதிலிருந்து அமிலம் காய்ச்சத் தெரியாது. எழுபத்தைந்தில் சைலிடோல் சுயிங்கம் கடைக்கு வந்தது. சொத்தைக்கு மருந்து கண்டவர் பின்லாந்தில், சொத்தையே இல்லாதவர் டன்சினனில். அந்தச் சுயிங்கம் அன்றே எங்களுக்கு வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், அமிலம் தணியும், அவ்வளவுதான். ஈறுக்கடியில் கல்லாய் இறுகிய காரையைச் சுயிங்கம் பெயர்க்காது.

இப்போது நிலைமை வேறு. பிளேன்டீக்குச் சீனி, பிள்ளைக்கு டொபி, விருந்தாளிக்குச் சோடா. சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம் சீனியில்லாச் சுயிங்கம் மெல்வதில் நியாயம் உண்டு, பிரஷ்ஷுக்குப் பதிலாக அல்ல என்ற நிபந்தனையோடு. வெத்திலையைச் சீனியில்லாச் சுயிங்கம் என்று நான் பெருமை பேசியதையும் நம்பிவிடாதீர்கள். பொயிலை இல்லாமல் பாக்கை மட்டும் மென்றாலும் புற்றுநோய் வரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவதும் வாய்ப் புற்றுநோய்தான்.

2010இல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி தோட்டமேறி, பழைய 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்தார்கள். முப்பது வயதில் ஈறு இறக்கம் சராசரி 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால் அறுபதில் இருபது பல்லாவது தங்கும் என்று கணித்தார்கள். மலையேறிக் கொழுந்து மூட்டை சுமந்தவனுக்கு இந்த 1.81இல் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் இந்தக் கணக்கைப் படித்துத்தான் பாஸாகிறார்கள். பிரஷ்ஷைத் தொடாமலே பல்லைக் காப்பாற்றிய அந்த 11 சதவீதக்காரரை மட்டும் எந்தப் பற்பசைக் கம்பெனியும் சுயிங்கம் கம்பெனியும் விளம்பரத்துக்குக் கூப்பிடாது. கூப்பிட்டாலும் மனுசன் வெத்திலைச் சாற்றைத் துப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.