தந்தி வந்தால் முதலில் அழக்கூடாது

கண்டியில் உடவத்தகலைக் காட்டோரம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எது தப்பாகப் போனாலும் பழிபோடக் குரங்கு இருக்கிறது. வாழைக்குலை குறைந்தால் குரங்கு. கூரைத் தகடு விலகினால் குரங்கு. இன்டர்நெட் வராவிட்டால் வயரில் ஊஞ்சலாடிய குரங்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் பழைய லப்டொப்பைத் திறந்தபோதும் அந்த வசதியை நம்பித்தான் உட்கார்ந்தேன்.

"என்னப்பா செய்ற?" என்றார் அம்மா.

"லைப்ரரி ஒன்னு போடுறேம்மா."

"டவுன்ல டீ.எஸ். சேனாநாயக்க லைப்ரரி இருக்கே, அது பத்தாதா?"

இது புத்தகம் இல்லாத லைப்ரரி. யாரோ ஒருவர் மண்டையை உடைத்து எழுதிவைத்த நிரலை நாம் நோகாமல் எடுத்துப் பாவிக்கும் ஏற்பாடு. தம்பி டோஹாவில் இருக்கிறான். கட்டார் ரியால் இன்றைக்கு எத்தனை ரூபாய் என்று அம்மா தினமும் கேட்பார், நான் தினமும் தேடிச் சொல்லவேண்டும். பத்து நிமிடச் சோம்பலைக் காப்பாற்ற ஒரு பைதன் நிரல் எழுதத் துணிந்தேன். இணையத்துக்குப் போய் விலையைக் கொண்டுவர அதற்கு 'பைகர்ல்' என்ற லைப்ரரியைப் பாவிக்க நினைத்தேன். அதன் அடியில் கிடப்பது 'கர்ல்'. சுவீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் அந்தப் பெயரில் வெளியிட்டது. அவர் அந்த வேலையில் இறங்கியதே ஓர் அரட்டை அறையில் நாணய மாற்று விகிதம் சொல்வதற்காகத்தான். சோம்பேறிகளுக்குத் தேசம் கிடையாது.

கறுப்புத் திரையில் 'பிப் இன்ஸ்டால் பைகர்ல்' என்று மூன்று சொல் தட்டினேன். பிப் என்பது ஏவலாள். கடைக்குப் போ என்றால் போய்ச் சாமானோடு வரவேண்டும். இவன் படியிறங்காமலே திரும்பிவிட்டான். 'எக்ஸ்டர்னலி மனேஜ்ட் என்விரோன்மென்ட்' என்று ஒரு பிழை, அதன் கீழே ஒரு முழம் ஆங்கிலம். இந்த வீட்டுக்கு வேறு பொறுப்பாளி இருக்கிறார், நீ சாமான் இறக்காதே என்று அர்த்தம். என் லப்டொப்பின் இயங்குதளமான டெபியன் 12 தன் சொந்த வேலைகளுக்கும் பைதனை நம்பியிருப்பதால் வந்த கட்டுப்பாடு.

அந்த ஒரு முழத்தில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு விஷயம்: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று சேர்த்து எழுதினால் தடையை மீறலாமாம். பெயரே 'உடை' என்று சொல்கிறது. உடைக்கப் பயமாக இருந்தது. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு தனி அறை கட்டப் போனேன், அதற்கு 'வீஎன்வி' என்று பெயர். அறை கட்டும் சாமானும் என்னிடம் இல்லை. அதை வாங்க, நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' போட்டுக் கடவுச்சொல் தட்டினேன். தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழாது, அது அதன் சுபாவம்.

"ஒன்னும் விழலயே?" என்றார் பின்னால் நின்ற அம்மா.

"விழுதும்மா, தெரியாது."

"உண்டியல் மாதிரியா?"

தனி அறைக்குள் மறுபடியும் பிப். இந்த முறை ஏவலாள் போய்வந்தான், வெறும் அரிசியும் காய்கறியுமாக. என் லப்டொப் 32 பிட் காலத்துக் கிழம். அதற்கு ஆக்கிய சோறு கிடையாது, மூல நிரலை நாமே சமைத்துக்கொள்ள வேண்டும். சமைக்கத் தொடங்கியதும் 'கர்ல் கொன்பிக்' இல்லை என்று இன்னொரு பிழை. சட்டி இல்லாமல் உலை வைத்த கதை. குயின்ஸ் ஹோட்டலடியில் தொடங்கி வாவியைச் சுற்றி நடந்து மறுபடியும் குயின்ஸ் ஹோட்டலடிக்கே வந்த மாதிரி இருந்தது.

நேரம் பதினொன்றரை இருக்கும். மின்விசிறி நின்றது. ரவுட்டர் கண்ணை மூடியது. பேட்டரி செத்து இரண்டு வருடமான லப்டொப்பும் கூடவே போனது.

"குரங்குதான்" என்றேன்.

"எல்லாத்துக்கும் அந்த வாயில்லாச் சீவனச் சொல்லாத" என்று திட்டினார் அம்மா.

பிறகு செய்தி வந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது என்று அமைச்சரே சொன்னார். குரங்கின்மேல் நான் போட்ட பழி வாழ்நாளில் முதல்முறை உண்மையானது. குரங்குதான் நம்மூர்க் குரங்கில்லை.

மின்சாரம் திரும்பியதும் பழையபடி முதல் வரியிலிருந்து தட்டினேன். அந்த முதல் பிழையே மறுபடியும் வந்தது. தலையில் கைவைத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பளைப் பக்கத்தில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"இங்க 'ட்ரை ஆப்ட் இன்ஸ்டால் பைதன் 3 எக்ஸ் வை இசட்'னு போட்டிருக்கே. எக்ஸ் வை இசட் எடத்துல ஒன் சாமானோட பேரப் போட்டியா?"

போடவில்லை. போட்டேன். அந்த வீட்டின் பொறுப்பாளிதான் ஆப்ட். என் கிழட்டு லப்டொப்புக்கு ஏற்ற ஆக்கிய சோறு அவர் கையில் தயாராக இருந்தது, தேவையான கர்லையும் சேர்த்து அவரே எடுத்துவந்தார். ஒரு நிமிடம் ஆகவில்லை. நிரல் ஓடியது. ரியால் 80 ரூபாயைச் சுற்றி நின்றது.

"அப்பல்லாம் தோட்டத்துக்குத் தந்தி வந்தா, பிரிக்கும் முன்னமே லயமே கூடி அழும்" என்றார் அம்மா. "பாதித் தந்தியில 'புள்ள பொறந்திருக்கு'ன்னுதான் இருக்கும். வாசிச்சிட்டு அழுங்கன்னு நான்தான் கத்துவேன்."

உங்கள் திரையிலும் என்றாவது ஒரு முழம் ஆங்கிலம் வந்து விழும். வாசித்துவிட்டு அழுங்கள்.