நஞ்சும் கேன்டீன் காபியும்

கேள்வி: சிவில் கோர்ட், சிவில் இன்ஜினீயர், ரேஷனுக்கு சிவில் சப்ளைஸ்... போதாக்குறைக்கு, ‘கொஞ்சம் சிவிலாகப் பேசுங்கள்’ என்கிறார் என் மேனேஜர். இந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

பதில்: நீங்கள் அவரிடம் என்ன பேசினீர்கள் என்பதை முதலில் எழுதியிருக்கலாம்!

லத்தீனில் ‘சிவிஸ்’ என்றால் குடிமகன். அதில் பிறந்த ‘சிவிலிஸ்’ என்ற சொல்லுக்கு ரோமானியர்களே இரண்டு பொருள் வைத்திருந்தார்கள்: குடிமக்களுக்கு உரியது, பண்பானது. சக்கரவர்த்தி கடவுள் வேஷம் போடாமல் சக குடிமகனைப் போலப் பழகினால், அவர் ‘சிவிலிஸ்’. குடிமக்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டால் அதுவும் சிவில் போர்தான். பண்பு எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது.

பிற்பாடு, ‘வேறொன்று அல்லாதது’ என்பதற்கெல்லாம் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கிரிமினல் அல்லாத வழக்கு சிவில். ராணுவத்துக்குக் கோட்டை கட்டாமல் பாலமும் கலங்கரை விளக்கமும் கட்டியதால், 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஸ்மீட்டன் தன்னை சிவில் இன்ஜினீயர் என்று சொல்லிக்கொண்டார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் பட்டாளத்தில் சேராத வெள்ளைக்காரர் சிவில் சர்வன்ட். மரியாதை தெரிந்தவர் என்று அதற்கு அர்த்தமில்லை.

நம் ‘நாகரிக’மும் நகரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வள்ளுவர் அதைக் கண்ணோட்டம் அதிகாரத்தில் கொண்டுபோய் வைத்தார்: பழகியவர் கண்ணெதிரே நஞ்சை ஊற்றிக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பவருக்கு உரிய குணமாம். உங்கள் மேனேஜர் அவ்வளவு தூரம் எதிர்பார்க்க மாட்டார். அவர் வாங்கித் தரும் கேன்டீன் காபியைக் குடித்துவிடுங்கள், போதும்.