வாய் திறந்தது எரிமலையா?

கேள்வி: சீகிரியா பழைய எரிமலை என்கிறார்களே, மாத்தளைக் குளங்களை நடந்து பார்த்தால் எரிமலை வாய்களைப் பார்க்கலாமா?

பதில்: அங்கே நிலத்தைத் திறந்தது மண்வெட்டி. எரிமலைவாய் ஏரி பெரும்பாலும் வட்டமாக, சுற்றிலும் சுவருடன் இருக்கும். கண்டலம குளத்தில் பாருங்கள்: ஒரு பக்கம் நீண்ட மண்கட்டு, அதன் நீர்ப்புறச் சரிவில் அலை அரிக்காதிருக்க அடுக்கிய கற்கள், வயலுக்கு நீர்விட மதகு, மிகைநீருக்கு வான். எல்லாம் மனிதக் கணக்கு. 'சீகிரியா உறைந்த எரிமலைக் குழம்பாமே' என்பீர்கள். அது நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, சுற்றியிருந்தவை அரிபட்டுப்போக எஞ்சி நிற்கும் பாறை. இப்பகுதி நிலத்தின் அடியிலும் உள்ள அத்தகைய இறுகிய பாறை நீரை அதிகம் உள்வாங்காது. மழையோ சில மாதங்களில் கொட்டி ஓய்ந்துவிடும். அதனால்தான் ஊருக்கு ஊர் குளம் கட்டினார்கள். காலையில் நடந்து பாருங்கள்; மாலையில் யானைகள் நீருக்கு வரும்.