பாக்ஸ்டருக்குச் சுழி பார்த்த கதை

ஜீயபுரத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் நண்பருக்கு 48 வயதில் போர்ஷே வாங்கும் ஆசை வந்தது. அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குக் கட்சிப் பதவி வரும். இவருக்கு வந்தது பாக்ஸ்டர். இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கி வைத்துவிட்டு வெயிலில் காயலாம். கோயம்புத்தூரில் ஒருவர் விற்கிறார் என்று தகவல். 2005 மாடல், கறுப்பு நிறம், ஓடித் தேய்ந்த இன்னோவா ஒன்றின் விலை.

“அவ்வளவு பெரிய கம்பெனி வண்டி, இவ்வளவு கம்மிக்கு ஏன் தர்றான்?”

வீட்டில் இதைக் கேட்டவர் பெரியப்பா ஒருவர்தான். மணப்பாறை மாட்டுச் சந்தையில் 40 வருஷம் தரகு பார்த்தவர். விலை குறைந்தால் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்க்கிற பரம்பரை.

நண்பர் மறைக்கவில்லை. எஞ்சினுக்குள்ளே இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்று ஒரு இடைத்தண்டு உண்டு. கிராங்கிலிருந்து செயின் வந்து இதைச் சுற்றும். இதிலிருந்து இன்னும் செயின்கள் போய் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டுகளைச் சுற்றும். அந்தத் தண்டின் ஒரு முனையை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு குண்டு பேரிங் தாங்கிக்கொண்டிருக்கிறது. மூடி போட்ட பேரிங்; உள்ளே வைத்த கிரீஸ் நாளாவட்டத்தில் கரைந்து போகும், வெளியே ஓடும் எண்ணெயும் ஒழுங்காக உள்ளே வராது. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயின் தாளம் தப்பும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். அதற்குப் பிறகு எஞ்சின் என்று ஒன்று இருக்காது.

“அப்ப பாடைச் சுழி உள்ள மாடுன்னு சொல்லு” என்றார் பெரியப்பா.

அவர் சொன்னதில் தவறில்லை. எம்96 என்று பெயரிட்ட இந்த எஞ்சின் 1996-இல் முதல் பாக்ஸ்டரோடு வந்தது. அடுத்து 911 காரிலும் ஏறியது. ஆரம்பத்தில் பேரிங்கில் இரண்டு வரிசைக் குண்டுகள் இருந்தன. 2000 வாக்கில் அதை ஒற்றை வரிசையாக்கினார்கள். வினை அங்கேதான் பெருத்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, 2013-இல் சமரசமாகி நஷ்ட ஈடு வாங்கினார்கள். அந்த வழக்கில் அடிபட்ட கணக்குப்படி ஒற்றை வரிசை பேரிங் போட்ட வண்டிகளில் நூற்றுக்கு எட்டு கெட்டிருக்கின்றன. இரட்டை வரிசையில் ஒன்றுக்கும் கீழே. அதே காலத்து 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் ஹான்ஸ் மெட்ஸ்கர் பரம்பரை எஞ்சின்; அங்கே இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் அவற்றின் விலைக்கு நண்பர் காவிரிக் கரையின் பாதி வாழைத் தோப்பை விற்க வேண்டியிருக்கும்.

மகளுக்கு இது எத்தனையாவது செமஸ்டர் என்று கேட்டால் கூரையைப் பார்த்து யோசிப்பவர், இரட்டை வரிசை எப்போது ஒற்றை வரிசையானது என்று கேட்டால் யோசிப்பதே இல்லை. பழுதுள்ள வண்டியை விரும்புகிறவர்களின் வியாதி இது. நல்ல வண்டியைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது? குறையுள்ள வண்டிதான் ஒரு மனிதனை ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து படிக்க வைக்கும். படித்து முடிக்கும்போது அந்தக் குறை அவனுக்குச் சொந்தமாகியிருக்கும்.

இதிலும் 2005 மாடலுக்கென்று தனி விசேஷம். அந்த வருஷத்து வண்டிகளில் பழைய சின்ன பேரிங்கும் இருக்கலாம், புதிதாக வந்த பெரிய பேரிங்கும் இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். சின்னது என்றால் உடையலாம், ஆனால் கழற்றி வேறு போடலாம். பெரியது அபூர்வமாகத்தான் உடையும், ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதைக் கழற்ற முடியாது.

“இறக்கிப் பாத்துட்டு வாங்கலாமா?” என்று நண்பருக்கே ஒரு சபலம்.

“சினை மாட்டு வயித்தைக் கிழிச்சுப் பாத்தா தம்பி கெடேரியா காளையான்னு முடிவு பண்ணுவாங்க?” என்று பெரியப்பா அதை மூடிவிட்டார்.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஒரு வம்சாவளியே உண்டு. ஜெர்மனியில் என்எஸ்யு என்ற கம்பெனி 1967-இல் ஆர்ஓ80 என்ற காரை விட்டது. பிஸ்டன் கிடையாது; முக்கோண உருளை ஒன்று உள்ளே சுழலும் வாங்கெல் எஞ்சின். 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. முக்கோணத்தின் முனைகளில் வைத்த சீல்கள் தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் எஞ்சினாகக் கொடுத்தே கம்பெனி நொடித்தது. 1969-இல் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஆர்ஓ80 ஓட்டுகிறவர்கள் ரோட்டில் எதிரெதிரே வந்தால் விரல்களைத் தூக்கிக் காட்டிக்கொள்வார்களாம். வணக்கம் அல்ல, இதுவரை மாற்றிய எஞ்சின்களின் எண்ணிக்கை. அதே வாங்கெல் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மாஸ்தா 1991-இல் பிரான்ஸின் லெமான் பந்தயத்தையே ஜெயித்தது.

நம் ஊர்க் கதை நேர்மாறு. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு கார் கொண்டுவந்தது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. பார்த்தால் ஃபெராரி டேட்டோனாவின் சாயல் அடிக்கும். இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. இங்கே வைத்தது 1940-களில் பிறந்த வான்கார்டு காரின் நாலு சிலிண்டர் பரம்பரை. ஜல்லிக்கட்டுக் காளைத் தோலுக்குள் செக்குமாடு. 1988-இல் உற்பத்தி நின்றது. பிற்பாடு மிஞ்சிக் கிடந்த உதிரிபாகங்களை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிக்கொண்டு போனது. அங்கே எஸ்டி1-ஐ விடாமல் ஓட்டிக்கொண்டிருந்த கிறுக்கர்கள் வண்டலூர்ச் சாமானுக்குக் காத்திருந்தார்கள்.

சரி, கோயம்புத்தூர்.

விற்பவர் மரியாதையான மனிதர். வண்டியைக் கழுவித் துடைத்து, முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தார். பெரியப்பாவுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. “குளிப்பாட்டி நிறுத்தின மாடும் எழுப்பி நடத்தின மாடும் ஒண்ணுதான். காலையில வர்றோம்.”

மறுநாள் ஆறு மணிக்கே போய் நின்றார்கள். இந்தக் கட்டுரைக்காக விசாரித்த ஒவ்வொரு மெக்கானிக்கும் முதலில் சொன்னது இதைத்தான்: எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து கேள், சூட்டில் பாதிச் சத்தம் அமுங்கிவிடும். மணப்பாறையில் படித்த படிப்பு போர்ஷேவுக்கும் செல்லுபடியானது.

முதலில் எஞ்சினைப் பார்க்க வேண்டுமே. பெரியப்பா முன்பக்க மூடியைத் தூக்கச் சொன்னார். உள்ளே பெட்டி வைக்கிற பள்ளம். பின்பக்கம் தூக்கச் சொன்னார். அங்கேயும் பெட்டி வைக்கிற பள்ளம். பாக்ஸ்டருக்கு எஞ்சின் நடுவயிற்றில், இருக்கைகளுக்குப் பின்னால் புதைந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றுகிற வாய் மட்டும்தான் பின்பக்கம் கைக்கு எட்டும். பெரியப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எஞ்சினையே காணோம், அதுல எஞ்சின் ரிப்பேர் வேறயா?” என்றார்.

சாவி திருகியதும் புகைக்குழாயிலிருந்து ஒரு வாய் நீலப்புகை. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பத் தயாரானார். நண்பர் பதறிப்போய் விளக்கினார்: “இதுல ஆறு சிலிண்டரும் படுத்தவாக்குல இருக்கு பெரியப்பா. ராத்திரி நிறுத்தினா கொஞ்சம் எண்ணெய் உள்ள கசிஞ்சு நிக்கும். காலையில அது எரியுறதுதான் புகை. நோய் இல்ல.”

“படுத்துக் கிடந்த மாடு எழுந்தா முதல்ல மூத்திரம்தான் போகும். சரி, அடுத்தது?”

அடுத்தது விலை. பெரியப்பா துண்டை எடுத்துத் தன் கைமேல் விரித்து, விற்பவரின் கையை உள்ளே கேட்டார். பாவம், அவர் நாடி பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கையைக் கொடுத்தார். துண்டுக்குள் விரல்கள் மடங்கின, நீண்டன. ஆர்ஓ80-காரர்கள் நடுரோட்டில் காட்டிய விரலை இவர்கள் மறைவாகக் காட்டிக்கொண்டார்கள். இரண்டு நிமிஷத்தில் பேரிங்குக்கு ஒரு விரல், பதிவுக் கட்டணத்துக்கு ஒரு விரல் என்று குறைந்தது. 20 வருஷம் தாண்டிய இறக்குமதிக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க ஆகஸ்ட் 2025 முதல் கட்டணம் 80,000 ரூபாய். வண்டிக்கே தெரியாமல் அதன் வயது 20 ஆகியிருந்தது.

ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பயணம். கரூர் வரை சுகம். குளித்தலை தாண்டியதும் ஒருபக்கம் வாய்க்கால், ஒருபக்கம் காவிரி, நடுவே லாரி, மணல், டவுன் பஸ். மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய வண்டி ஒரு வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் பெட்டவாய்த்தலை வரை பொறுமையாக வந்தது. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைப் பேரவை எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருக்களில் தடை போடுகிறவர்கள் உயரத்தை உற்சாகத்தின் அளவுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் பெரியப்பா இறங்கிக்கொள்ள, வண்டி குறுக்குவாட்டில் தவழ்ந்து ஏறி இறங்க, பெரியப்பா மறுபடி ஏறிக்கொள்ள, ஊர் வந்து சேர்ந்தது. பங்குனியில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் ஜீயபுரத்துக்குப் பல்லக்கில்தான் எழுந்தருளுகிறார். ரோடு தெரிந்தவர்.

இப்போது வாரம் ஒருமுறை விடிவதற்குள் திண்டுக்கல் நாலுவழிச் சாலைக்கு வண்டியை ஓட்டிப்போய் நன்றாக விரட்டிவிட்டு வருகிறார் நண்பர். ஷெட்டிலேயே கிடந்து மெதுவாக ஓடுகிற வண்டிகளில்தான் இந்த பேரிங் அதிகம் கெடுகிறது என்பது இந்த எஞ்சினோடு பழகிய மெக்கானிக்குகளின் அனுபவம். ஏர் பூட்டாத மாடு சோம்பிப் படுத்துவிடும் என்று பெரியப்பாவும் ஒப்புக்கொள்கிறார்.

எண்ணெய் மாற்றும் நாள் மட்டும் வீட்டில் திவசம் மாதிரி ஒரு கெடுபிடி. பேரிங் தேய ஆரம்பித்தால் பொடி முதலில் எண்ணெய் ஃபில்டரின் காகித மடிப்புகளில்தான் சிக்கும். அதனால் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, வெயிலில் விரித்து, காந்தத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பெரியப்பாவுக்கு இது புதிதில்லை. மாட்டின் நலம் சாணியில் தெரியும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிடுவார்.

போன தடவை காந்தத்தில் இரண்டு துகள் ஒட்டின. வெள்ளி நிறம், மின்னுகிறது. நண்பர் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எஞ்சினைப் பிளப்பதா, வண்டியை விற்பதா, மண்டியை விற்பதா என்று கணக்குப் போய்க்கொண்டிருந்தபோது பெரியம்மா வெளியே வந்தார்.

“காலையிலதான் சாணை பிடிக்கிறவன்கிட்ட குடுத்துத் தீட்டி வச்சேன். அந்த அரிவாள்மனையை எடுத்து எதை அறுத்துக்கிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்? வாழைப்பூ அப்படியே கெடக்கு, குடுங்க இங்க.”