முஸ்தபாவுக்கு எத்தனை பட்டன்?

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஜாய்ஸ்டிக், இரண்டு பட்டன். அடிக்க ஒன்று, குதிக்க ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சுற்றி நிற்கிறவன் எல்லாம் விழுவான். நம் உயிரிலும் கொஞ்சம் குறையும். காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ ஆட்டத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருமுனை கேம் கடையில் கேட்டிருந்தால் துரத்தியிருப்பார்கள். நாலு நாயகர்களில் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் முஸ்தபா. ஆகவே ஆட்டத்தின் பெயரும் முஸ்தபா. மற்ற மூன்று பேருக்கும் பெயர் உண்டு என்பதே எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஆக, அதை வீட்டிலேயே ஆட ஒரு பழைய கம்ப்யூட்டர், பழைய மானிட்டர், ஒரு பிளைவுட் பெட்டி, அதன் இடுப்பில் மூன்று ஓட்டை போட்ட பலகை. வீட்டில் நான் அனுமதி வாங்கியது இந்த மூன்று ஓட்டைக்குத்தான்.

கெடுத்தது ‘மேம்’ என்கிற மென்பொருள். பழைய ஆர்கேட் இயந்திரங்களைக் கம்ப்யூட்டருக்குள் வேஷம் கட்டி ஆடவைப்பது அதன் வேலை, 1997இலிருந்து செய்துவருகிறது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அதற்குத் தெரியும். முஸ்தபாவுக்கு மட்டும் பலகை போட்டால் மற்றவர்கள் மனம் என்ன பாடுபடும்?

அந்தக் காலத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் தனிப் பெட்டி, தனிப் பலகை. ‘ஆஸ்டராய்ட்ஸ்’ (1979) பெட்டியில் குச்சியே கிடையாது, ஐந்து பட்டன்தான். ‘டிஃபெண்டர்’ (1981) பெட்டியில் குச்சி உண்டு, ஆனால் மேலும் கீழும் மட்டும் போகும். முன்னால் பாய ஒரு பட்டன், திரும்ப ஒரு பட்டன், சுட ஒன்று, குண்டுக்கு ஒன்று, சமாளிக்க முடியாமல் மறைந்து ஓட ஒன்று. ‘ரோபோட்ரான்’ (1982) ஒரே ஆளுக்கு இரண்டு குச்சி கேட்கும்: ஒன்றில் நடக்க வேண்டும், மற்றதில் சுட வேண்டும். ‘சென்டிபீட்’டுக்கு உருட்டுப் பந்து. 1991இல் வந்த இரண்டாம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆறு பட்டன் ரகம். மேல் வரிசை குத்துக்கு, கீழ் வரிசை உதைக்கு, ஒவ்வொன்றிலும் லேசு, நடுத்தரம், பலம். 1987இல் வந்த முதல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ பெட்டிகள் சிலவற்றில் பட்டனுக்குப் பதில் பெரிய திண்டுகள் இருந்தன. ஓங்கி அடிக்க அடிக்கக் குத்தும் பலமாக விழும். அதை மட்டும் நான் சேர்க்கவில்லை. எனக்கும் ஒரு எல்லை உண்டு.

பிறகு, விருந்தாளி வந்தால் தனியாகவா ஆடுவது? எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினேன்.

ஆர்கேட் பட்டனுக்கு 30 மில்லிமீட்டர் ஓட்டை. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. சாப்பாட்டு மேசையில் சார்ட் பேப்பரை விரித்து, நாணயத்தை வைத்து வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி சாம்பார்ப் பாத்திரத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

“யாருக்குங்க இவ்வளவு பெரிய இடியாப்பத் தட்டு?”

ஆசாரி மரியாதைக்காரர். எதற்கு என்று கேட்கவில்லை. “பதினெட்டு எம்எம் பலகை சார். உங்க குச்சி மேல வராது, முழுகிடும். அடியில பள்ளம் எடுக்கணும்” என்றார். அதே விஷயத்தை நான் ராத்திரியெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டு, அவருக்கு விளக்கத் தயாராக வந்திருந்தேன். இந்தப் பட்டன்களில் சில மெல்லிய தகட்டில் கவ்வி நிற்கும் வகை. தடிப் பலகையில் பிடிக்காது, பின்னால் மரை போட்டு இறுக்கும் வகைதான் வாங்க வேண்டும் என்பதையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். “மரை வச்சதா பாத்து வாங்கிடுங்க சார்” என்றார்.

வயரிங் என் பொறுப்பு. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் நின்று “என்கோடர் போர்டு, மைக்ரோ ஸ்விட்ச்” என்றெல்லாம் சொல்லும்போது ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. உண்மையில் விஷயம் எளியது. ஜாய்ஸ்டிக் என்பது நாலு ஸ்விட்ச். கோணலாகத் தள்ளினால் இரண்டு சேர்ந்து அழுந்தும். ஒவ்வொரு ஸ்விட்சிலிருந்தும் ஒரு வயர் போர்டுக்குப் போகும். இன்னொரு முனையை மட்டும் ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் தாவும் ஒரே வயரில் கோத்துவிடலாம். இத்தனை ஸ்விட்சுக்கு வயர் போட்டவனிடம், ஆடிக்கொண்டிருக்கும் மிக்ஸி பிளக்கை மாற்றச் சொன்னாள் மனைவி. அது வேறு துறை என்று விளக்கினேன்.

என் என்கோடர், தான் ஒரு கீபோர்டு என்று சொல்லிக் கம்ப்யூட்டரை நம்பவைக்கிற ரகம். ‘மேம்’ கணக்கில் காசு போடுவது என்றால் 5ஆம் எண், ஆரம்பிக்க 1. மகளின் லேப்டாப்பில் சொருகிச் சோதித்தேன். அவளுடைய வேதியியல் ப்ராஜெக்ட்டில் சோடியத்துக்குப் பக்கத்தில் வரிசையாக ஐந்துகள் விழுந்தன. நாலாவது பட்டன் ஷிஃப்ட். அதைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் விண்டோஸ் ‘ஸ்டிக்கி கீஸ்’ வேண்டுமா என்று கேட்கும். எதிராளியை உதைத்துக்கொண்டிருக்கும்போது இப்படி ஒரு உபசாரம்.

பெட்டி கூடத்துக்கு வந்த அன்று அம்மாவைத்தான் முதலில் உட்காரவைத்தேன். ஆட்டம் 1980இன் ‘பேக்-மேன்’. அம்மா பலகையை இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தாள்.

“இதுல நான் எதைடா அழுத்தணும்?”

“ஒண்ணும் அழுத்த வேண்டாம்மா. குச்சியை மட்டும் தள்ளு.”

“அப்ப இதெல்லாம்?”

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அம்மாவின் பேக்-மேன் மூலைக்கு மூலை மாட்டிக்கொண்டது. எட்டுத் திசைக் குச்சியில் நாலு திசை ஆட்டம் ஆடினால் அப்படித்தான். அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினேன். இப்போது முஸ்தபாவால் கோணலாக நடக்க முடியவில்லை. ஆக, ஆளுக்குத் தக்கபடி பலகையைக் கவிழ்த்து ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதே என் ஆட்டமாகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு விபரீதம். காசு பட்டனைத் தட்டத் தட்ட உயிர் வந்துகொண்டே இருந்ததில் முஸ்தபாவைக் கடைசிவரை முடித்துவிட்டேன். சப்பென்று இருந்தது. பையில் ஒரே ஒரு ரூபாய் மிச்சம் என்ற பயம் இல்லாமல் டைனோசரை அடிப்பதில் சுவை இல்லை. எனவே நிஜக் காசு விழும் காயின் பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். அதுவும் ஒரு ஸ்விட்ச்தானே. பூட்டுச் சாவியை மகள் எடுத்துக்கொண்டாள். ப்ராஜெக்ட் நஷ்ட ஈடாம்.

நேற்று ராத்திரி முஸ்தபா மல்லாந்து விழுந்துவிட்டான். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அடுக்களைக்கு ஓடி, “ஒரு ரூபா சில்லறை இருக்கா?” என்றேன்.

“மிக்ஸிக்குப் பிளக் வாங்கிட்டு வாங்க” என்றாள். “மீதி தருவாங்க.”