ராணியைத் தொட்டா வாடகை ஏறும்

வாப்பா மாடி ரூம் தம்பி, உக்காரு. நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இறங்கினவன் தூங்குவான்னு பார்த்தா, செல்லை நோண்டிக்கினு "செக்கு, செக்கு"ன்னு கத்துற. கேட்டா, "குகேஷ் 18 வயசுல உலக சாம்பியன், நான் 23-ல ஆகக்கூடாதா?"ங்கிற. தாராளமா ஆகு ராசா. அதுக்கு முன்னாடி குதிரை எப்படித் தாண்டும்னு தெரிஞ்சுக்க. 2022-ல மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்தப்போ, வேட்டி கட்டின குதிரைப் பொம்மைக்குத் 'தம்பி'ன்னுதான் பேர் வெச்சாங்க. அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சது இந்தத் தம்பிக்குத் தெரியலியே!

நேத்து உன் ஆட்டத்தைப் பார்த்தேன். ராஜாவுக்கு முன்னாடி இருந்த சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளின. சபாஷ். அடுத்த நகர்த்தலே ராணியைத் தூக்கி ஓரத்துக்கு ஓட்டிட்ட. நாலே நகர்த்தல்ல மேட் வெக்கப் போறாராம் துரை! எதிராளி இன்னா பண்ணான்? ஒரு குதிரையை இறக்கி, அடிபட இருந்த சிப்பாய்க்குக் காவல் வெச்சான். இன்னொரு சிப்பாயைத் தள்ளி உன் ராணியைத் துரத்தினான். அடுத்த குதிரையையும் இறக்கி வழியை அடைச்சான். அவன் படை களத்துல நிக்குது, உன் யானை ரெண்டும் மூலையில குறட்டை விடுது. ராணிக்கு மதிப்பு 9, யானைக்கு 5, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, சிப்பாய்க்கு 1. பெரிய காயை முதல்லயே வெளிய விட்டா, சின்னக் காயெல்லாம் சேர்ந்து விரட்டும். ஓடுறதே அதுக்குப் பொழப்பு.

நம்ம ஒரகடம் கூட்ரோட்டைப் பாரு. சிங்கபெருமாள்கோயில் ரோடும் வாலாஜாபாத் ரோடும் வெட்டிக்கிற இடம். அங்க நின்னா எந்தப் பக்கமும் பஸ் ஏறலாம். பலகை நடுவுல இருக்கிற நாலு கட்டமும் அப்படித்தான். நடுவுல நிக்கிற குதிரைக்கு 8 கட்டத்துக்கு வழி உண்டு, மூலையில நின்னா 2தான். நீ அதை ஓரமாக் கட்டிப்போட்டியே, புல்லாச்சும் வெச்சியா?

அப்புறம் கேஸ்லிங். ராஜா ரெண்டு கட்டம் யானைப் பக்கம் போவாரு, யானை அவரைத் தாண்டி மறுபக்கம் உக்காரும். ரெண்டுல ஒண்ணு முன்னாடியே அசைஞ்சிருந்தா முடியாது. செக்குல நிக்கும்போதும் முடியாது. ஐயா செக் வாங்கினப்புறம்தான் அதைத் தேடினீங்க.

சிப்பாய்தானேன்னு மூணு காயைச் சும்மா தாரை வார்த்த பாரு, அதுதான் எனக்கு வயிறு எரிஞ்சது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர்ல உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டி. பதினாலாவது ஆட்டம், அதுவே கடைசி. குகேஷ் கையில ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். டிராதான்னு பார்த்தவங்கெல்லாம் கொட்டாவி விட்டாங்க. 55-வது நகர்த்தல்ல எதிராளி டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்துல வெச்சாரு. குகேஷ் யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப்னு மாத்திக்கிட்டாரு. மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். அந்த ஒத்தைச் சிப்பாய் கூடுதலா இருந்ததுல வந்தது உலகப் பட்டம்.

ஞாயித்துக்கிழமை ஓ.டி. இல்லேன்னா கீழ வா. பலகை என்கிட்ட இருக்கு, வெள்ளைக் காய் உனக்கே. குதிரை ரெண்டும் பிஷப் ரெண்டும் வெளிய வந்து, ராஜா பத்திரமா ஒதுங்குற வரைக்கும் ராணி மேல கை வெக்காத. வெச்சா அடுத்த மாசம் வாடகை நூறு ரூபா கூட.