பிரிக்காமல் பார்க்கும் எஞ்சின்

யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொன்னில் விலைக்கு நிற்கும் பழைய லொறி எதுவானாலும் அதன் எஞ்சின் 'இப்பதான் ஓவர்ஹோல் செய்தது.' கழற்றிப் பார்க்க விற்பவர் விடார் என்பதால், சோதனை வெளியே நின்றபடியே நடக்கிறது.

முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சுட்டால், வாங்குபவர் வருமுன்பே அதை யாரோ எழுப்பிவிட்டார்கள். ஆறிய எஞ்சின்தான் ஸ்டார்ட் எடுக்கையில் உண்மை பேசும்.

அடுத்தது புகை. நீலமென்றால் ஒயில் எரிகிறது. கறுப்பென்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. சூடேறிய பின்னும் வெள்ளை நிற்காவிட்டால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று ஐயப்படலாம். விற்பவரிடம் மூன்றுக்கும் ஒரே விளக்கம்: 'கனநாள் ஓடாமல் நிண்டது.'

ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா? பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். மூடியின் அடியில் பால்நிறப் பசையா? ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஒயில் தேனாய் வடிந்தால், பெயாரிங் சத்தத்தை அமுக்கவே தடித்த ஒயில் விட்டிருக்கலாம். றேடியேற்றருக்குள் உப்புப் படிந்திருந்தால் அது தீவகத்துச் சவர்த்தண்ணீரின் கையெழுத்து.

நட்டுகளின் பழைய துரு உடையாமலே மேலே வெள்ளிப் பெயின்ற் மின்னினால், ஓவர்ஹோல் செய்தது ஸ்பானரல்ல, தூரிகை.

எஞ்சியது கொம்பிரெஷன் மானி. ஒவ்வொரு சிலிண்டராக அளந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். அதைக் கேட்டவுடன், லொறிக்கு வேறொருவர் ஏற்கெனவே முற்பணம் கொடுத்த செய்தி வெளிவரும்.